நகர்ப்புற நலவாழ்வு மையம்: அம்மாவோடு இரண்டரை வருடம் போய் வந்ததில் பார்த்தது

ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கிறேன். ஒரு ஸ்டார் ஏன் குறைந்தது என்பதையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது வடசென்னையில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து நடந்தால் ஏழெட்டு நிமிடத்தில் இருக்கும் அரசு நலவாழ்வு மையத்தை. எந்தத் தெரு, எந்த வார்டு என்று எழுதவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், அதை வைத்து யாராவது அங்கே வேலை செய்யும் நர்ஸைப் பிடித்துக் கேள்வி கேட்டால் எனக்கு மனசு தாங்காது. சென்னையில் இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரி ஒரு மையம் வீட்டுக்குக் கிட்டத்திலேயே இருக்கலாம், ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். 2023 ஜூன் 6-ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் ஒரே நாளில் 500 மையங்களைத் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர், காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. கட்டடம் சின்னதாக இருப்பதால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற இடம் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் மூன்று மாதம் அப்படித்தான் தாண்டிப் போனேன்.

இந்த இடம் எங்களுக்கு ஏன் பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் 2020-ஐச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மாவுக்கு அப்போதே சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது, கூடவே பிரஷர். பூ கட்டி விற்பதுதான் தொழில். விடியற்காலை மூன்றரைக்கு ஷேர் ஆட்டோ பிடித்துக் கோயம்பேடு போய் மல்லியும் கனகாம்பரமும் எடுத்து வந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து கட்டி விற்று வீடு வந்து சேர இரவு எட்டு ஆகிவிடும். மாத்திரையை மாதம் ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்குவோம். இரண்டு பஸ் மாற வேண்டும், சுகர் ஓபிக்குக் காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும், அன்றைய வியாபாரம் போய்விடும். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு வந்தது, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஏப்ரல் இரண்டாவது வாரம் மாத்திரை தீர்ந்தது. மெடிக்கலில் பத்து நாளுக்கு மேல் தர ஸ்டாக் இல்லை என்றார்கள், அதை வாங்கவே கையில் காசு இல்லாத நேரம் அது. நான் வேலை செய்யும் துணிக்கடை மூடியிருந்தது. கோயிலே மூடியிருக்கும்போது பூவை யார் வாங்குவார்கள்? மே 5-ஆம் தேதி கோயம்பேட்டையும் மூடினார்கள், காய்கறி திருமழிசைக்கும் பூவும் பழமும் மாதவரத்துக்கும் போயின. எங்களிடம் சொல்லாமல் அம்மா ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஜூனில் வலது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் கறுத்துப்போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குக் கொரோனா வரவே இல்லை.

அந்த மாதங்களில் ராயபுரம் மண்டலத்தில்தான் சென்னையிலேயே நோயாளிகள் அதிகம் என்று தினமும் செய்தியில் சொல்வார்கள், பக்கத்திலேயே இருக்கும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். களப்பணியாளர்கள் தினமும் படியேறி வந்து வாசலில் நின்று காய்ச்சல் இருக்கிறதா, சளி இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். முகாமில் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். மே மாத வெயிலில் முகக்கவசத்தோடு ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறினார்களோ. ஆனால் வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார், கையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எங்கள் வாசலில் யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி அவர்களை யாரும் அனுப்பவில்லை. எங்கள் பிளாக்கில் மட்டும் பதினொரு பேர் மாத்திரைக்காரர்கள் இருந்தார்கள். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற எங்களுக்கே அந்தக் கணக்கு அப்போது தெரியாது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்கிற, வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டம் தொடங்கியதைச் செய்தியில் பார்த்தேன், கிராமத்துக்கானது என்று நினைத்து மறந்தும் போனேன். அந்த வருடக் கடைசியில் ஒருநாள் எங்கள் மூன்றாவது மாடி வாசலில் ஒரு அக்கா தோளில் பையோடு மூச்சு வாங்க வந்து நின்றார். எங்கள் பிளாக்கில் லிப்ட் கிடையாது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்பது அவருடைய வேலையின் பெயர், எங்கள் எல்லாருக்கும் அவர் மாத்திரை அக்கா. பையில் பிரஷர் பார்க்கிற மெஷின், சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டர், ஒரு நீள நோட்டு. அம்மாவின் பெயர், வயது, என்னென்ன மாத்திரை, எத்தனை வேளை, இன்றைக்குச் சுகர் எவ்வளவு, காலில் புண் உண்டா, விரல் எப்போது எடுத்தது, எல்லாம் அந்த நோட்டில் ஏறியது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்த ஏழாம் நம்பர் பெரியவர் பெயரும் ஏறியது, அவருக்குக் கை கால் அசைக்கப் பயிற்சி கொடுக்க பிசியோதெரபி பண்ணுகிறவர் வர ஆரம்பித்தார். எங்கள் பிளாக்கில் பதினொரு பேர் என்ற கணக்கு எனக்கு வந்தது அந்த நோட்டிலிருந்துதான்.

நலவாழ்வு மையத்துக்குப் போகச் சொன்னதும் அவர்தான். "மாத்திரையை நான் மாசாமாசம் குடுத்துடறேம்மா, ஆனா மூணு மாசத்துக்கு ஒருவாட்டி டாக்டர் கண்ணால பாக்கணும், நடந்தே போயிடலாம்" என்றார். அம்மாவுக்குப் போக மனசே இல்லை. கவர்ன்மென்ட் மாத்திரைக்குப் பவர் இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நடுவில் ஏழெட்டு மாதம் அக்கா கொடுத்த மாத்திரையை டப்பாவில் போட்டுவிட்டு ஒரு தனியார் கிளினிக்கில் காட்டிக்கொண்டிருந்தோம். டாக்டர் பீஸ் 300, மாத்திரை 1,100, இடையில் டெஸ்ட் என்றால் இன்னும் 500. என் சம்பளம் 14,000. இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் காலை எட்டே காலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். போன் நம்பரும் பெயரும் கேட்டு ஓபி சீட்டு போட்டார்கள், நர்ஸ் உயரம், எடை, பிரஷர், சுகர் பார்த்துச் சீட்டில் எழுதினார், நாற்பது நிமிடத்தில் உள்ளே போய்விட்டோம். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சீட்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் முதலில் சொன்னது, "செருப்பைக் கழட்டுங்கம்மா." அம்மா தயங்கினார், தெருவில் நடந்து வந்த கால், அழுக்காக இருக்கிறதே என்று. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அம்மாவின் காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்து விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் நாலைந்து இடத்தில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொடுகிறேன் சொல்லுங்கள் என்றார். இரண்டு இடத்தில் அம்மாவுக்கு உணர்ச்சியே இல்லை. அந்தக் காலோடுதான் அவர் தினமும் ஹவாய் செருப்பில் கோயில் வரைக்கும் நடந்துகொண்டிருந்தார். மாதம் 300 ரூபாய் வாங்கிய இடத்தில் ஒரு தடவைகூடச் செருப்பைக் கழட்டச் சொன்னதில்லை.

இந்த விமர்சனத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் சர்க்கரை இருப்பவர்கள் இருந்தால் இன்றைக்கு ராத்திரி அவர்கள் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாத்திரைக்குப் பவர் இல்லை என்கிற பேச்சுக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்பார்மின் தனியார் கடையில் வாங்கினாலும் மெட்பார்மின்தான், பிரஷருக்குக் கொடுக்கிற அம்லோடிபின் அம்லோடிபின்தான். அட்டையில் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். இதற்கென்று 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று ஆரம்பித்து, டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு பேட்சையும் லேபுக்கு அனுப்பிச் சோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். கேரளாவும் ராஜஸ்தானும் பிறகு இதைப் பார்த்துத்தான் தங்கள் ஊரில் ஆரம்பித்தன. டாக்டரம்மா இவ்வளவும் சொல்லவில்லை, அவருக்கு ஏது நேரம், இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் சொன்னது ஒன்றுதான்: "மூணு மாசம் இதையே சாப்பிடுங்க, ரிப்போர்ட்டைப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க." HbA1c என்று எழுதுகிற மூன்று மாத சராசரி சுகர் அம்மாவுக்கு 10.4 சதவீதம் இருந்தது. ஒரு வருடத்தில் 7.8-க்கு வந்தது. இப்போது 7.5-ஐ ஒட்டி நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த ஸ்டெப்ஸ் என்கிற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது, பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான். நோய்த்தொற்று வந்து நம் கதவைத் தட்டியபோது நாம் எந்த நிலைமையில் இருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைத்தான் கொரோனா மோசமாக அடித்தது. அடுத்த தொற்று எது, எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது வருகிற அன்றைக்கு நம் உடம்பு எப்படி இருக்கும் என்பது இந்த மாதிரிச் சின்னக் கட்டடங்களில் இன்றைக்கு நடக்கிற வேலையைப் பொறுத்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இரண்டாவது தடவை போனபோது நர்ஸ் என் கையைப் பிடித்து, "கூட வந்தவங்களும் பாத்துக்கங்க" என்று பிரஷர் பட்டையைக் கட்டினார். 150-க்கு 100. எனக்கு அப்போது நாற்பது வயது, தலைவலிகூட இல்லை. மறுபடி இரண்டு நாள் வரச் சொல்லிப் பார்த்தார்கள், குறையவில்லை. டாக்டரம்மா என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். துணிக்கடையில் பில் போடுகிறேன், முன்னால் சேல்ஸில் இருந்தேன் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், உட்கார ஸ்டூல் இருக்கிறதா, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுகிறார்கள், கடைக்குப் பாத்ரூம் உண்டா, அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினைந்து வருட வேலையில் என்னிடம் அந்தக் கேள்விகளைக் கேட்ட முதல் ஆள் அவர். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எங்கள் கடையில் பில்லிங்கில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஸ்டூல் வந்தது, புடவை எடுத்துப் போடுகிற பெண்கள் இன்னும் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். அந்தப் பெண்களில் ஆறு பேரை நான் அவரவர் ஏரியாவில் இருக்கிற மையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன், போன மூன்று பேரில் ஒருத்திக்கு ரத்தம் ரொம்பக் குறைவு என்று தெரிந்தது.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பலரைத் தெரிந்துகொள்வோம் இல்லையா. வாரத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்க்க ஒரு ரிட்டயர்டு பெரியவர் வருவார், அவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டியதே இல்லை. 2021 மே மாதம் அவர் மனைவி போய்விட்டார், ஆம்புலன்சிலேயே. நர்ஸுக்கு அது தெரியும். பட்டையைக் கட்டி இறக்கிக் குறித்துவிட்டு, "காலைல என்ன சாப்ட்டீங்கப்பா" என்று கேட்பார், அவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போவார். இதற்கு ஓபி சீட்டில் ஒரு கட்டம் கிடையாது. மனசுக்கு என்று ஒரு ஆள் வாரத்தில் ஒரு நாளாவது அங்கே உட்கார வேண்டும் என்பது என் விருப்பம், நர்ஸ் தலையில் அதையும் கட்டக் கூடாது.

இனி குறைகள்.

மாலையில் எட்டு மணி வரைக்கும் என்று போர்டில் இருக்கிறது, ஏழரைக்கு மேல் போனால் சீட்டுப் போடத் தயங்குகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் காலை ஏழுக்கே கிளம்பிவிடுவார்கள், திரும்பி வந்து குளித்துவிட்டு வருவதற்கே ஏழரை ஆகும், இந்த மாலை ஓபி அவர்களுக்காகத்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும் என்றால் அது இலவச வைத்தியம் இல்லை, 900 ரூபாய் வைத்தியம். வரிசையில் ஆண்கள் எவ்வளவு குறைவு என்று நீங்களே போய்ப் பாருங்கள். ரத்தம் எடுப்பது காலையில் மட்டும்தான், மூன்று மாத சராசரி சுகருக்கு வேறு மையத்துக்கு அனுப்புகிறார்கள், அதற்கு ஒரு பஸ் ஏற வேண்டும். 2021 மேயிலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதால் எங்களுக்குச் செலவு இல்லை, ஆனால் விரல் இல்லாத காலோடு அம்மா பஸ் படி ஏறுவதைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கும். 2024-இல் இரண்டு மாதம் தொடர்ந்து ஒரு மாத்திரை மட்டும் வரவில்லை, வெளியே எழுதிக் கொடுத்தார்கள். பாத்ரூம் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். வாசலில் மூன்று படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இருந்தது. முட்டிவலிக்காரர்களும் கண் தெரியாதவர்களும் வருகிற இடத்துக்குப் படி கட்டியவர் கைப்பிடியை யோசிக்கவே இல்லை.

பூட்டிய பாத்ரூமைக்கூட நான் மன்னித்துவிடுவேன். என்னை உறுத்துவது அந்த நோட்டில் பெயர் இல்லாதவர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த நோட்டு என்ன செய்தது என்று சொல்லிவிட வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் தண்ணீர் நின்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும், புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர் எல்லாம் நாள் கணக்கில் தண்ணீரில் இருந்தன. எங்கள் கிரவுண்ட் ப்ளோர் வீடுகளில் இடுப்பளவு. கரண்ட் இல்லை, சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. மூன்றாவது நாள் காலை, ஆட்டோ பேட்டரியில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த என் போனுக்கு ஒரு அழைப்பு. மாத்திரை அக்கா. "அம்மாவுக்கு மாத்திரை எத்தன நாளைக்கு இருக்கு?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. 2020 ஏப்ரலில் ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று நான் பின்னால் எத்தனையோ ராத்திரி நினைத்துக்கொண்ட அதே கேள்வி.

அவர் வீட்டிலும் தண்ணீர். நோட்டை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரண் மேல் வைத்திருந்திருக்கிறார். நான்காவது நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார், தலைமேல் பை. ஒவ்வொரு பிளாக்காக நின்று பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். கிரவுண்ட் ப்ளோர் ஆயா இன்சுலின் போடுகிறவர், பிரிட்ஜ் நின்றுபோய் மருந்து கெட்டிருக்கும் என்று அவருக்குப் புதுசாக எடுத்து வந்திருந்தார். எட்டு மாத கர்ப்பிணி ஒருத்தியைத் தண்ணீர் இல்லாத தெருவில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றச் சொல்லிப் பையன்களை அனுப்பினார். தண்ணீர் வடிந்த மறுநாள் டாக்டரம்மாவும் சுகாதார ஆய்வாளரும் வந்து பிளாக் வாசலிலேயே மேஜை போட்டார்கள், தொட்டியில் குளோரின் போட்டார்கள், கால் புண் இருக்கிறவர்களை நோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாருக்கு என்ன தேவை என்று தெரிந்த ஒரு ஆள் தெருவில் இருந்தார். 2020-க்கும் 2023-க்கும் நடுவில் எங்களுக்கு வந்த மாற்றம் அதுதான்.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு சந்தில் தகர ஷெட் அறைகளில் ஒடிசா, பீகார் பையன்கள் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், ஒரு அறைக்கு எட்டுப் பேர். அவர்களில் யார் பெயரும் நோட்டில் இல்லை. புயலின்போது அவர்களுக்குப் போன் வரவில்லை. மையத்துக்கு வந்தால் ஆதார் எல்லாம் கேட்காமல் பார்க்கிறார்கள், அதை நானே பார்த்தேன். காய்ச்சலோடு வந்த ஒரு பையனிடம் நர்ஸ் போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் பேசி மருந்து கொடுத்தார். ஆனால் வந்தால்தானே? வாசலில் இருக்கிற போர்டு தமிழில் இருக்கிறது. அவர்களுக்கு அது ஆஸ்பத்திரி என்றே தெரியாது. பாலத்துக்குக் கீழே படுத்திருக்கிறவர்களும் அப்படித்தான். வாசற்படி இருந்தால்தானே யாராவது ஏறி வந்து கேட்க முடியும். கொரோனாவில் முதலில் நடையைக் கட்டியவர்கள் யார் என்று எல்லாரும் பார்த்தோம், மறுபடி ஒன்று வந்தால் இவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள், எட்டுப் பேர் படுக்கிற அறையில் தனிமைப்படுத்துவது எப்படி? அவர்களுக்கு வருவது அடுத்த நாளே எங்களுக்கும் வரும், நடுவில் இருப்பது ஒரு தகரம்.

அப்புறம் மாத்திரை அக்கா. மக்களைத் தேடி மருத்துவத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த விருதுக்குப் படி ஏறியவர்கள் இந்த அக்காக்கள். அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. தன்னார்வலர் என்று பெயர் வைத்துவிட்டதால் பி.எப். இல்லை, பென்ஷன் இல்லை. எங்கள் அக்காவுக்கு ஐம்பது வயதாகப் போகிறது, மூன்றாவது மாடி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். ஒருநாள் அம்மாவே பட்டையை எடுத்து அக்கா கையில் கட்டச் சொன்னார். 160-க்கு 100 இருந்தது. ஊருக்கெல்லாம் பார்க்கிறவருக்குப் பார்க்க ஆள் இல்லை. தூய்மைப் பணியாளர்களுக்கும் இதேதான் நடக்கிறது. கொரோனா சமயத்தில் அவர்கள் காலில் பூப்போட்டோம், 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியாளர்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள் என்று மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால் மழையிலும் வெயிலிலும் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மாவின் விரலைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரு ஏற்பாடு, அதைச் சுமக்கிற பெண்ணின் முட்டியைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். அதைச் சொல்லாமல் நான் ஐந்து ஸ்டார் போட முடியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பழைய சீட்டு, ரிப்போர்ட், தற்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சாப்பிடாமல் பார்க்க வேண்டிய சுகர் என்றால் எட்டு மணிக்கே நில்லுங்கள், கூடவே இரண்டு இட்லி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், ரத்தம் கொடுத்தபிறகு மயக்கம் வராது. திங்கட்கிழமை கூட்டம் அதிகம், வியாழன் காலை காற்றாட இருக்கும். அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால் உங்கள் கையையும் நீட்டுங்கள். முக்கியமாக, வேண்டியது ஏதாவது இல்லை என்றால் நர்ஸிடம் சத்தம் போடாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

நாங்கள் எழுதிக் கொடுத்தோம். கைப்பிடி வேண்டும் என்று எங்கள் பிளாக் மாத்திரைக்காரர்கள் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், கிரவுண்ட் ப்ளோர் ஆயா கைநாட்டு வைத்தார். எட்டு மாதம் கழித்து இரண்டு பக்கமும் ஸ்டீல் பைப் வைத்தார்கள். இப்போது இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். மாலை எட்டு மணி வரை சீட்டுப் போட வேண்டும், வாசல் போர்டில் இந்தியிலும் ஒடியாவிலும் எழுத வேண்டும், சந்தில் இருக்கிற அறைகளையும் நோட்டில் சேர்க்க வேண்டும் என்று மூன்று கோரிக்கை. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டவர்கள் முப்பத்தி நாலு பேர், அதில் ஒன்பது பேர் அந்தச் சந்துப் பையன்கள். போன செவ்வாய்க்கிழமைதான் கொடுத்தோம். பதில் வந்ததும் இங்கேயே வந்து எழுதுகிறேன், ஸ்டாரையும் அப்போது மாற்றிவிடுகிறேன்.